ஆன்டிவைரஸ் வாங்கக் கடைக்காரரைக் கேட்டால் போதுமா?



ஒரு மிக்ஸி வாங்கப் போனால் மூணு கடை ஏறி இறங்குகிறோம். ஜாடி எத்தனை, மோட்டாருக்கு எத்தனை வருஷம் வாரன்டி, ரிப்பேர் என்றால் பாண்டியிலேயே பார்ப்பார்களா, இல்லை திண்டிவனம் தூக்கிக்கொண்டு போகணுமா என்று குடைந்து எடுத்து விடுகிறோம். புடவைக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் போடுகிற விஷயத்தில் மட்டும், கடைக்காரர் எடுத்து நீட்டுகிற டப்பாவை வாங்கிக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வந்து விடுகிறோம். கூட வந்த ஆம்பளைங்களும் தெரிந்த மாதிரி தலையாட்டி விடுவார்கள்.

நான் பத்தாவதுதான் படித்தவள். கம்ப்யூட்டர் பாடமெல்லாம் அந்தக் காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் கிடையாது. ஆனாலும் வீட்டுச் செலவைக் கையில் வைத்திருக்கிற நாம்தான் இதிலும் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். கேட்டுப் பார்த்தால், நிறைய வீடுகளில் பணம் கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்க வேண்டிய அவசியமே இல்லை என்பது தெரிய வரும். பணம் கொடுத்து வாங்கியும் காப்பாற்ற முடியாத வீடுகள் இருப்பதும் தெரிய வரும்.

எங்கள் ஊர் குயிலாப்பாளையம், ஆரோவில்லை ஒட்டினாற்போல் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு ரெண்டு ரூம் வாடகைக்கு விடுகிற வீடு, ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிற வீடு என்று பல வீடுகளில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அது இல்லாத வீட்டில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கும். 2011-ல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்களே, அதில் வந்ததுதான். படித்த பிள்ளை வேலைக்குப் போயிருக்கும், லேப்டாப் மட்டும் அம்மா கைக்கு வந்திருக்கும். மகளிர் குழு கணக்கு, சின்னப் பிள்ளையின் ஸ்கூல் புராஜக்ட், காதுகுத்து போட்டோ எல்லாம் அதில்தான்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தரும் அப்படித்தான் வைத்திருந்தார். 2023-ல் லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் பழையதை அழித்துவிட்டு, திருட்டுக் காப்பி விண்டோஸ் ஒன்றும், ‘கிராக்’ செய்த போட்டோ வேலை புரோகிராம் ஒன்றும் போட்டு, மேலே ஒரு ஆன்டிவைரஸும் போட்டுக் கொடுத்தார்கள். ‘இனிமே ஒண்ணும் ஆவாதும்மா’ என்று சொல்லி, எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்ல தொகையும் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் அக்காவின் மகன் ஒரு கேமுக்கு அதே மாதிரி கிராக் ஒன்றைத் தேடி இறக்கியிருக்கிறான். மறுநாள் காலையில் லேப்டாப்பைத் திறந்தால் ஒரு போட்டோவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பேருக்குப் பின்னாலும் புரியாத நாலெழுத்து ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு மிரட்டல் சீட்டு. உன் ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டேன், சாவி வேண்டுமென்றால் 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் வந்தால் பாதிதான், 490 டாலர் என்று. அன்றைய கணக்கில் பாதியே 40 ஆயிரம் ரூபாய் ஆகிறது!

குழுக் கணக்கு நோட்டிலும் எழுதி வைத்திருந்ததால் அது பிழைத்தது. பொண்ணுக்கு மஞ்சள் நீராட்டு செய்த போட்டோ, தவறிப்போன மாமியாரின் கடைசி தீபாவளி போட்டோ எல்லாம் போனது போனதுதான். அக்கா பணம் கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்று என்ன நிச்சயம்?

என் கொழுந்தனார் பாலிடெக்னிக் முடித்தவர், அவர் வந்து பார்த்துவிட்டு விளக்கினார். ‘ஸ்டாப்’ என்கிற வகை ரான்சம்வேராம் இது. பெரிய பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு நம்மைப் போல வீட்டில் வைத்திருப்பவர்களைத்தான் அதிகம் பிடிக்கும். வருகிற வழியும் பெரும்பாலும் இந்தக் கிராக் புரோகிராம்கள்தான். அதில் சில பழைய ரகங்களுக்கு எம்சிசாஃப்ட் என்ற கம்பெனி 2019-ல் இலவசமாகவே சாவி செய்து கொடுத்தது. அப்புறம் வந்த ரகங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது செல்லாது. அக்காவுடையது செல்லாத ரகம்.

‘ஆன்டிவைரஸ் போட்டிருந்துச்சே, அது என்ன பண்ணிச்சு?’ என்றுதானே கேட்பீர்கள்? நானும் அதைத்தான் கேட்டேன். அங்கேதான் விஷயமே இருக்கிறது. கிராக் போடுகிற இடத்தில் முதல் வரியிலேயே ‘ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடவும்’ என்று எழுதியிருப்பார்கள். பையனும் அப்படியே நிறுத்தியிருக்கிறான். காவலுக்கு ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்துவிட்டு, திருடன் வருகிற நேரத்தில் ‘போய் டீ சாப்பிட்டு வா’ என்று அனுப்பி வைத்தால் அவன் என்ன செய்வான்? இதற்கு எந்தக் கம்பெனி ஆன்டிவைரஸ் வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பையனை மட்டும் குத்தம் சொல்லியும் லாபமில்லை. கிராக் என்றால் சாதாரண விஷயம் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்ததே அந்தக் கடை போட்டுத் தந்த லேப்டாப்தான்.

ஆகவே எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே இருக்கிற விண்டோஸ் ஒரிஜினலா, அதற்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்று பாருங்கள் சகோதரிகளே. கடைக்காரர்கள் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். அப்டேட்டில் அவர்களுக்குக் காசு கிடையாதே!

அப்டேட்டின் அருமைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 2017 மே மாசம் 12-ஆம் தேதி ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் உலகம் பூராவும் பரவியது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டு, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அது நுழைந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாசமே இலவசமாகக் கொடுத்துவிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பித்தார்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போட்டவர்கள் மாட்டினார்கள்.

என் பிறந்த வீடு மரக்காணம் பக்கம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் பாத்திக்குத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் வரப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். நண்டு வளை ஒன்று இருந்தாலும் மிதித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. வரப்பு உடைந்து கிடக்கும்போது பாத்திக்குக் காவல் வைத்து என்ன ஆகப்போகிறது? விண்டோஸ் அப்டேட் என்பது வரப்பு அடைக்கிற வேலை. ஆன்டிவைரஸ் என்பது காவல்.

இப்போது பல வீடுகளில் இருக்கிற சிக்கல் என்னவென்றால், விண்டோஸ் 7-க்கு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான அப்டேட் நின்றது. அதற்கு மேல் ஒரு வருஷ நீட்டிப்பு வேண்டுமானால் நாமாகப் பதிவு செய்து வாங்கிக்கொள்கிற மாதிரி மைக்ரோசாஃப்ட் ஒரு வழி கொடுத்தது. விண்டோஸ் 10-ல் கூடவே இருக்கிற ஆன்டிவைரஸுக்கு மட்டும் 2028 அக்டோபர் வரைக்குமாவது புது வைரஸ் விவரம் அனுப்புவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு ‘ஆன்டிவைரஸ்தான் ஓடுதே’ என்று நிம்மதியாக இருந்து விடாதீர்கள். காவல் இருக்கும், வரப்பு அடைக்க ஆள் வராது.

‘கூடவே இருக்கிற ஆன்டிவைரஸா, அது என்ன?’ என்பார்கள் பலர். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதற்கொண்டு விண்டோஸுக்குள்ளேயே ‘டிஃபெண்டர்’ என்று ஒரு முழு ஆன்டிவைரஸ் இருக்கிறது. தனியாக ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஆரம்பத்தில் அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. இப்போது அப்படியில்லை. ஜெர்மனியில் ஏ.வி. டெஸ்ட், ஆஸ்திரியாவில் ஏ.வி. கம்பேரட்டிவ்ஸ் என்று ஆன்டிவைரஸ்களுக்குப் பரீட்சை வைத்து மார்க் போடுகிற இடங்கள் இருக்கின்றன. அங்கே டிஃபெண்டரும் காசு கொடுத்து வாங்குகிறவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ என்று தேடிப் பாருங்கள். பச்சை டிக் இருந்தால் காவல் நடக்கிறது என்று அர்த்தம். அதற்குள்ளேயே ‘ரான்சம்வேர் புரொடெக்‌ஷன்’ என்று ஒரு இடம் இருக்கிறது. பெரும்பாலும் நிறுத்தி வைத்துத்தான் வரும், நாம்தான் ஆன் பண்ண வேண்டும். பண்ணிவிட்டால் தெரியாத புரோகிராம் எதுவும் நம்ம போட்டோ ஃபோல்டரில் கை வைக்க முடியாது. சில சமயம் நல்ல புரோகிராமையும் மறிக்கும். மறித்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி, இதற்கும் செலவில்லை. பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு யூசர் அக்கவுன்ட், ‘ஸ்டாண்டர்ட்’ என்கிற சாதாரண வகையில் போட்டுக் கொடுங்கள். பெரிய அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். புதுசாக எதையாவது போட வேண்டுமென்றால் பெரும்பாலும் பாஸ்வேர்டு கேட்கும், பிள்ளை உங்களிடம் வந்து நிற்கும். ஆன்டிவைரஸை நிறுத்தவும் அதே கதைதான். அந்த அக்கா வீட்டில் இந்த ஒன்று இருந்திருந்தால் அன்றைக்குப் பையன் அம்மாவிடம் கேட்டிருப்பான். என் கணக்கில், டப்பாவில் விற்கிற எந்தச் சாமானையும்விட இது பெரிய பாதுகாப்பு.

அப்படியானால் காசு கொடுத்து வாங்கவே கூடாதா? அப்படியும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் எந்தப் பக்கம் போகலாம் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைப்பது, பேங்க் வேலை பார்க்கும்போது தனிப் பாதுகாப்பு, ஏதாவது ஆனால் போன் பண்ணிக் கேட்க ஒரு ஆள் என்று இதெல்லாம் வேண்டுமென்பவர்கள் வாங்கலாம். பாண்டிக் கடைகளில் தொங்குகிற டப்பாக்களில் நம்ம நாட்டுச் சரக்கே உண்டு. க்விக் ஹீல் புனேக்காரர்களுடையது. கைலாஷ் கட்கர் என்பவர் கால்குலேட்டர் ரிப்பேர் கடையில் இருந்து மேலே வந்து, தம்பியோடு சேர்ந்து ஆரம்பித்தது. கே7 நம்ம சென்னைக்காரர்களுடையது. கேசவர்தனன் என்பவர் 1990-களின் ஆரம்பத்தில் தொடங்கி, ஜப்பான்காரர்களுக்கே விற்றிருக்கிறார். படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருமைக்காக வாங்காதீர்கள், தேவைக்கு வாங்குங்கள். ‘ஆன்டிவைரஸ்’, ‘இன்டர்நெட் செக்யூரிட்டி’, ‘டோட்டல் செக்யூரிட்டி’ என்று ஒரே கம்பெனி மூணு விலையில் வைத்திருக்கும். விலை ஏற ஏற வைரஸ் பிடிக்கிற திறமை ஏறும் என்று நினைக்க வேண்டாம். பல கம்பெனிகளில் பிடிக்கிற இயந்திரம் ஒன்றேதான், மேலே ஒட்டுகிற வசதிகள்தான் கூடும். அதில் ஃபயர்வால் என்று ஒன்றைப் பெரிசாகப் போட்டிருப்பார்கள், அது விண்டோஸிலேயே இருக்கிறது.

ஒன்று வாங்கினால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டால் ரெட்டிப்புப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். ஒரே அடுப்பில் ரெண்டு பேர் குழம்பு வைத்த கதைதான். ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் நகரவே நகராது. புது லேப்டாப்போடு டிரையலாக வந்து காலாவதி ஆனதையும் எடுத்து விடுங்கள்.

ஓசியில் கிடைக்கிற வெளி ஆன்டிவைரஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவாஸ்ட் என்பது உலகத்தில் கோடிக்கணக்கான பேர் இலவசமாகப் போட்டிருந்தது. அதைப் போட்டிருந்தவர்கள் எந்தெந்தப் பக்கம் போனார்கள் என்ற விவரத்தை எடுத்து, ஜம்ப்ஷாட் என்ற தன் கிளைக் கம்பெனி மூலமாக விற்றார்கள் என்பது வெளியே வந்து, 2020-ல் அந்தக் கிளையை மூடினார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக கமிஷன் இதற்காக ஒரு கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நம்ம பெண்கள் டாக்டரிடம்கூடக் கேட்கக் கூச்சப்படுகிற விஷயத்தைத்தான் கம்ப்யூட்டரில் தேடுகிறோம். கர்ப்பப்பை கட்டி, வெள்ளைப்படுதல், வீட்டுக்காரர் குடியை நிறுத்த வழி. அது எவன் கையிலோ விலைக்குப் போகிறது என்றால் மனசு ஒப்புமா? எல்லா இலவசமும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நமக்குச் சும்மா கொடுக்கிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். சுத்தம் செய்ய மட்டும் ஒரு இலவசம் வேண்டுமென்றால் மத்திய அரசே 2017-ல் ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ என்று தொடங்கி, அதன் பக்கத்தில் இலவசக் கருவிகள் கொடுத்திருக்கிறது.

சினிமா பார்க்கிற பக்கத்தில் திடீரென்று சிவப்பாக ஒரு திரை வரும். கீங் கீங் என்று சத்தம் போடும். ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் பண்ணுங்கள்’ என்று மிரட்டும். சுத்தப் பொய். ஆல்ட் பட்டனையும் எஃப் 4-ஐயும் சேர்த்து அழுத்துங்கள். போகவில்லையா, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து விடுங்கள். இதே மாதிரி மிரட்டி வெளிநாட்டுக்காரர்களை ஏமாற்றிய கூட்டங்கள் நம்ம நாட்டிலேயே உட்கார்ந்திருந்தன. மைக்ரோசாஃப்ட்டும் அமேசானும் புகார் கொடுத்து, 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்று சோதனை போட்டது. திரையின் ஓரத்தில் ‘உங்கள் ஆன்டிவைரஸ் முடிந்துவிட்டது, புதுப்பிக்கவும்’ என்று தினமும் ஒன்று எட்டிப் பார்க்கும். அது பாதி நேரம் ஆன்டிவைரஸ் அனுப்புவதே இல்லை. பிள்ளைகள் எங்கேயோ ‘அலோ’ என்று அழுத்திய ஒரு பக்கம் அனுப்புகிற விளம்பரம். பிரவுசர் செட்டிங்கில் நோட்டிஃபிகேஷனுக்குப் போய் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் நின்றுவிடும். பணம் போய்விட்டால் 1930-க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வழி உண்டு.

உண்மையாகவே வாங்கியவர்களும் ஒன்று கவனியுங்கள். முதல் வருஷம் சல்லிசாகக் கொடுத்துவிட்டு, ரெண்டாம் வருஷம் முழு விலையைக் கார்டில் தானாகவே எடுத்துக்கொள்கிற ஏற்பாடு சிலவற்றில் உண்டு. இப்படித் தானாக எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னாடியே நமக்குத் தகவல் வரவேண்டும், வேண்டாமென்றால் நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜை வீட்டுக்காரர் போனில் விளம்பரம் என்று தள்ளிவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆன்டிவைரஸுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாசம் ஒரு நாள் போட்டோக்களையும் கணக்கையும் அதில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள் என்பது என் யோசனை. கழற்றித்தான் வைக்க வேண்டும், செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். எங்கள் பக்கம் வைரஸ் மட்டுமா எதிரி? 2024 நவம்பர் 30-ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டிக்குப் பக்கத்தில் கரை ஏறினபோது மரக்காணத்தில் உப்பளமெல்லாம் தண்ணீருக்குள் போனது. தாழ்வான வீடுகளில் முழங்கால் தண்ணீர். கீழே வைத்த கம்ப்யூட்டர் பெட்டி அப்படியே நனைந்தால் எந்த ஆன்டிவைரஸ் வந்து காப்பாற்றும்? உப்புக் காத்து வேறு வருஷம் முழுக்க உள்ளே அரிக்கிறது.

ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் கொண்டுபோய் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வந்து செருகினால் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும். ஃபைல் போய்விட்டது என்று பதறி ஃபார்மேட் பண்ணி விடாதீர்கள். பெரும்பாலும் ஒளித்துத்தான் வைத்திருக்கும். அந்த ஷார்ட்கட்டைத் தொடாமல் முதலில் ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்துவிட்டு, ஒளிந்த ஃபைலைக் காட்டும் செட்டிங்கைப் போட்டால் திரும்பத் தெரியும். பிரின்ட் எடுக்க வேண்டியதை மெயிலில் அனுப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

அப்டேட் நின்றுபோன பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. ஆரம்பத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு கூட ‘பாஸ் லினக்ஸ்’ என்று ஒன்றும் போட்டுத்தான் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் தயாரித்தது, இலவசமானது. ‘இது எதுக்கு’ என்று ஊரெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கொண்டார்கள். லினக்ஸ் இப்போதும் அப்டேட்டோடு ஓசியில் கிடைக்கிறது, பழைய மெஷினில்கூட சுமாராக ஓடும், வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிடிக்கிற விண்டோஸ் வைரஸ் அதை அண்டாது என்கிறார் கொழுந்தனார். மகளிர் குழு கணக்கும், தமிழில் டைப் அடிப்பதும் அதில் சிரமமில்லாமல் நடக்குமா? வீட்டில் போட்டுப் பார்த்த சகோதரிகள் யாராவது இந்தப் பகுதிக்கு எழுதினால் எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு உபயோகமாக இருக்கும்.

- ஒரு வாசகி, குயிலாப்பாளையம்.